உத்தேச வாசிப்பு

ஒழுங்கை ஒழுங்கையாய்ப் போய்
மற்றவர் வீட்டு மின்மானியை வாசிப்பது என் வேலை.
கோண்டாவில், இணுவில், உரும்பிராய் மேற்கு.
படலையைத் தட்டி
"கறன்ற் பில்" என்று கூப்பிட்டால்
முதலில் நாய் வரும்.

முந்திய வாசிப்பு.
இப்போதைய வாசிப்பு.
கழித்தால் வருவது அலகு.
பதினொரு வருடமாய் இந்தக் கணக்குத்தான்.
தோட்டக்காணி தாண்டி ஒரு வீட்டில்
ஆவணியிலிருந்து அலகு இரட்டித்தது.
யாரோ அங்கே நித்திரையில்லாமல் இருக்கிறார்கள்.
நான் கேட்பதில்லை.
தாளைக் கிழித்துக் கொடுத்துவிட்டு
சைக்கிளில் ஏறிவிடுவேன்.

பெரியாஸ்பத்திரியில், மின்விசிறி மட்டும் பேசும் அறையில்,
சுகிர்தா மிஸ் ஒரு கொப்பி தந்தா.
"ஒவ்வொரு நாளும் படுக்க முன்னம்
மனம் எப்பிடி எண்டு ஒரு இலக்கம் போடுங்கோ.
பூச்சியத்திலையிருந்து பத்து வரைக்கும்."

முதல் மூன்று கிழமையும் ஐந்து போட்டேன்.
ஐந்துக்கு யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.
மிஸ் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு
"பூட்டின வீட்டுக்கு நீங்கள் என்ன எழுதுவியள்?" என்றா.
உத்தேசம், என்றேன்.
சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது.

மே மாதம் விழும் என்று நினைத்திருந்தேன்.
பிரதீபாவும் அப்படித்தான் நினைத்தாள்.
அந்தக் கிழமை முழுக்க வீட்டில்
குரலைத் தாழ்த்தியே பேசினாள்,
சட்டியை வைக்கும்போதும் சத்தமில்லாமல்.
மே முழுக்க ஐந்து.
இந்த முறை உண்மையான ஐந்து.

கார்த்திகை வெள்ளத்தில் ஏழு:
சைக்கிளைத் தோளில் தூக்கி
முழங்கால் தண்ணீரில் நடந்தபோது
ஏனோ சந்தோஷமாக இருந்தது.
அதற்குள் ஒரு புதன்கிழமை ஒன்பது.
அன்று என்ன நடந்ததென்று
இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.
மத்தியானம் பயித்தங்காய்க் கறி.
வேறொன்றுமில்லை.

தை பிறந்தது.
இரண்டு. இரண்டு. ஒன்று. இரண்டு.
பொங்கலன்றும் இரண்டு.
சாப்பாட்டைப் பார்த்தேன். சம்பள நாளைப் பார்த்தேன்.
குளிசை விட்ட நாளை எண்ணினேன்.
கொப்பியில் ஒன்றும் அகப்படவில்லை.

பிறகு ஒரு நாள் வாடைக்காற்று விழுந்துவிட்டது.
அன்றிரவு ஐந்து.
அடுத்த நாள் எழும்பியது, இரண்டு.
அப்போதுதான் கேட்டேன்,
இவ்வளவு நாளும் கேட்டுக்கொண்டேயிருந்ததை:
பின்வளவுக்கு மேலே, இருட்டில்,
பனையில் கட்டிவிட்ட எட்டுமூலைப் பட்டம்.
அதன் விண்
விடியும்வரை ஒரே சுருதியில்.

வன்னியில் நாங்கள் அதை வண்டு என்போம்.
பட்டத்தை அல்ல.

காலையில் யதுர்சன் வீட்டுப் படலையைத் தட்டினேன்.
மானி பார்க்கும் நாளில்லை.
பதின்மூன்று வயது, விரலெல்லாம் நைலோன் அறுத்த கோடு.
இரவில் இறக்கிவிடச் சொல்ல வந்தவன்
"விண்ணை என்னத்திலை கட்டினனீர்?" என்று கேட்டேன்.
"பார்சல் நாடா அங்கிள். நல்லா இழுத்துக் கட்டவேணும்.
தொய்ஞ்சா ஊமையாப் போயிடும்."
ஒரு துண்டை இரு கையாலும் இழுத்துப் பிடித்து
ஊதிப் பாருங்கோ என்றான்.
ஊதினேன்.
நாடா நடுங்கியது. கையும்.
அவன் நாடாவை மட்டும் பார்த்தான்.

இரவு விண் கூவிற்று.
பிரதீபா யன்னலைச் சாத்தப் போனாள்.
கிடக்கட்டும் என்றேன்.
கொஞ்ச நேரத்தில்
நானே எழும்பிச் சாத்தினேன்.

முந்திய வாசிப்பு: இரண்டு.
இப்போதைய வாசிப்பு: மூன்று.
உத்தேசம் அல்ல.